புல்லட்டுக்குப் புது வர்ணம்

1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி பிறந்தது. திருவொற்றியூரில் உருவாகி ஊர் ஊராய் ஓடிய அதன் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் பல, இன்று வீட்டுப் பின்கட்டுகளில் துருவேறிக் கிடக்கின்றன. பாட்டனாரின் வண்டிக்குத் தன் கையாலேயே வர்ணம் பூச ஆசைப்படாத பேரன் உண்டா?

ஆனால், வர்ண டப்பாவை முதலில் திறப்பவர் ஏமாந்துதான் போவார். துருவின் மேல் வர்ணம் அடிப்பது புண்ணுக்குப் புனுகு தடவும் கதை. பளபளப்பு சில மாதம் நிற்கும், பிறகு கொப்புளிக்கும். உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தாக வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். ஆகையால் தூள் பறக்காதபடி தண்ணீர் தொட்டே தேயுங்கள்; குழந்தைகளை அருகே விடாதீர்கள். ஈரம் உலர்ந்ததும் பிரைமர் அடித்துவிட வேண்டும். கடலோர ஊர்களில் வெறும் இரும்பை ஓர் இரவு விட்டால், காலையில் பழுப்பேறி நிற்கும்!

மழை நாளில் என்.சி. வர்ணம் வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது உலோகம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படியும். கறுப்பு வர்ணம் சாம்பல் பூத்துவிடும்.

கடினமாக்கும் திரவம் கலந்து அடிக்கும் வர்ணத்தையோ வீட்டில் தெளிக்கவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. அந்த வேலையைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

பெட்ரோல் டாங்கியைத் தேய்க்குமுன் ஒரு காரியம். அதன் தங்கக் கோடுகள் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையாலேயே வரைந்தவை. தேய்த்துவிட்டால் அளவு போயிற்று. மெல்லிய தாளை வைத்துப் படியெடுத்துக் கொள்ளுங்கள். ஸ்டிக்கர் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, டாங்கியின் வளைவில்தான் அதன் ஓரம் முதலில் எழும்பும்.