கிழட்டுப் பூனைக்கும் மூட்டுவலி உண்டு

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பிசான நெல் களத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும், எலியும் பின்னாலேயே வந்துவிடுகிறது. மூட்டைகளுக்குக் காவல் பெரும்பாலும் பூனைதான். பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த பூனை, எலியைக் கண்டும் எழாமல் படுத்திருந்தால் 'சோம்பேறியாகிவிட்டது' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பல வீடுகளில் உண்மைக் காரணம் மூட்டுத் தேய்மானம். 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது, 90 பூனைகளுக்கு மூட்டிலோ முதுகெலும்பிலோ தேய்மானம் காணப்பட்டது.

மாடு நொண்டினால் உடனே தெரிந்துவிடும். பூனை வலியை மறைக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வலித்தால் நொண்டவும் செய்யாது. ஒரே தாவலில் மச்சுக்கு ஏறியது, இப்போது அண்ணாந்து பார்த்துத் தயங்கும். இடுப்புப் பக்கம் நக்க முடியாமல் உரோமம் சடை பிடிக்கும். நகம் தேயாமல் வளர்ந்து வளையும். முதுகைத் தொட்டால் சீறும். இதைக் குணக்கேடு என்று எண்ணி அடிப்பது பாவம்.

இந்த நிலையில், காய்ச்சலுக்கு வாங்கி வைத்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து வைப்பவர்கள் உண்டு. பூனையின் உயிர் போக அது போதும். மனிதனின் ஈரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். தெரியாமல் கொடுத்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் மாத்திரை அட்டையுடன் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். முறிவு மருந்து உண்டு. முதல் சில மணி நேரத்தில்தான் அதற்குப் பலன் அதிகம். மனிதருக்கான மற்ற வலி மாத்திரைகளும் ஆகாது. வலித் தைலம், கற்பூரத் தைலம் தடவினாலும் பூனை நக்கி விழுங்கிவிடும். உள்ளியும் பூண்டும் அதன் ரத்த அணுக்களை அழிக்கும்.

மெலாக்சிகாம் என்ற திரவ மருந்தைப் பூனையின் எடைக்கேற்ப மருத்துவர் மிகச் சிறிய அளவில் எழுதிக் கொடுப்பதுண்டு. சிறுநீரகம் கெட்ட பூனைக்கு இது ஆபத்து. ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை அவசியம். தீனி எடுக்காத நாளிலும் வாந்தி எடுத்த நாளிலும் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் காட்டலாம். அங்கே பயத்தில் பூனை ஒடுங்கிக் கிடக்கும். வீட்டில் அது நடப்பதையும் ஏறுவதையும் கைபேசியில் படம் பிடித்துக் கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். மூடியுள்ள கூடையை நாலு நாள் முன்பே சாக்கு விரித்துத் திறந்து வைத்தால், தானே போய்ப் படுத்துப் பழகிவிடும்.

பிடிகொடுக்காத பூனையின் வாயைப் பிளந்து மருந்தூட்டினால் கடிதான் மிச்சம். உப்பில்லாமல் வேகவைத்த சாளை மீனை முள் நீக்கிப் பிசைந்து, முதல் உருண்டையை வெறுமனே கொடுத்து, இரண்டாவதில் மருந்தை வைக்கலாம். கருவாடு வேண்டாம்.

ஏறும் இடத்தில் இரண்டு செங்கல்லைப் படியாகப் போடலாம். படுக்கைக்கு வெயில் படும் இடத்தில் மடித்த சாக்கு போதும். மார்கழிக் குளிரில் இது பெரிய ஆறுதல். மலம் கழிக்க விளிம்பு தாழ்ந்த தட்டில் மணல் வைக்க வேண்டும். நகத்தை, அது தூங்கி வழியும் நேரம் பார்த்து, நாளைக்கு ஒன்றாக நுனி மட்டும் வெட்டலாம். உடல் பருத்த பூனைக்குத் தீனியைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். திடீரென்று பட்டினி போட்டால் ஈரல் கெடும்.

வேட்டைக்குப் போகாத பூனையுள்ள வீட்டில் எலி மருந்து வைக்கக் கூடாது. மருந்து தின்று தள்ளாடும் எலியைத்தான் கிழட்டுப் பூனையால் பிடிக்க முடியும். அங்கே எலிப்பொறியே நல்லது.