சுளகும் தொட்டிலும்

திருநெல்வேலியை அடுத்த மேலப்பாளையத்திலும் அதனையொத்த ஊர்களிலும் நம் பெண்மக்கள் பலர் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றிப் பொருளீட்டி வருகின்றனர். மடியில் சுளகு, அருகில் தொட்டில். இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டும் கை, இடையிடையே தொட்டிலையும் ஆட்டுகிறது, அடுப்பையும் கவனிக்கிறது. கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. குழந்தை அழுத நேரத்திற்குக் கூலி இல்லை. ஆயினும், "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்!" என்று கூறும் கணவன்மாரும் நம்மிடையே உள்ளனர்.

அன்புச் சகோதரரே! மார்க்கம் கூறுவதைச் சற்றே சிந்தியுங்கள். மனைவி மக்களுக்கு உணவும் உடையும் அளிப்பது கணவன் மீது கடமை. மனைவி ஈட்டும் பொருளோ அவளுக்கே உரியது. அவள் மனமுவந்து குடும்பத்திற்குச் செலவிட்டால் அது தர்மமாகும். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஜைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது குறித்து வினவியபோது, உறவைப் பேணிய நன்மை, தர்மம் செய்த நன்மை என இரு கூலிகள் உண்டென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததைப் புகாரி ஷரீபில் காண்கிறோம். உங்கள் கடமையில் ஒரு பகுதியை அவள் விரும்பிச் சுமக்கும்போது, அவள் சுமையில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்பதன்றோ நீதி?

வீட்டு வேலை ஆண்மைக்கு இழுக்கு என்பீரோ? அண்ணலார் இல்லத்தில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்பதே அவர்கள் அளித்த விடை. தம் ஆடையைத் தாமே தைத்ததும், செருப்பைத் தாமே செப்பனிட்டதும் ஹதீஸ்களில் வந்துள்ளன.

குழந்தைக்குப் பால் மறக்கச் செய்வதைக்கூடப் பெற்றோர் இருவரும் மனமொப்பிக் கலந்தாலோசித்தே முடிவு செய்யுமாறு சூரத்துல் பகராவின் 233ஆம் வசனம் வழிகாட்டுகிறது. பாலூட்டுபவள் தாய், ஆலோசனையில் தந்தைக்கும் பங்குண்டு. பிள்ளை இருவரின் பொறுப்பு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அலுவலகம் செல்லும் தாய்க்கும் இதுவே பொருந்தும். முதலிரு குழந்தைகளுக்கான பேறுகால விடுப்பை 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. அவ்வாரங்கள் தீர்ந்தபின் துணை நிற்க வேண்டியவர் கணவரே.

புகையிலைத் தூள் குழந்தையின் மூச்சுக்குக் கேடு. ஆகவே அவள் சுளகை எடுக்கும் வேளையில் பிள்ளையை நீங்கள் வெளியே தூக்கிச் செல்லுங்கள். சுற்றிய கட்டுகளைக் கடையில் ஒப்படைக்க நீங்கள் போய் வாருங்கள். இஷாவுக்குப் பின் தெருமுனையில் பேசிக் கழிக்கும் நேரத்தில் பிள்ளையை உறங்க வையுங்கள்.

இன்று ஜும்ஆ தொழுது இல்லம் திரும்பியதும், உணவு எங்கே என்று கேட்குமுன் குழந்தையைக் கையில் வாங்குங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கான தவ்பீக்கை அருள்வானாக! ஆமீன்.