கோல் அடிக்காத நாயகன் மக்கலேலே

பிரான்ஸ் கால்பந்து அணிக்காக 71 ஆட்டங்கள். ஒரு கோல்கூட இல்லை. இந்தக் கணக்கை வைத்து கிளாட் மக்கலேலேவை எடைபோட்டால், 2003இல் ரியல் மாட்ரிட் நிர்வாகம் செய்த அதே தவறைத்தான் நாமும் செய்வோம்.

1973இல் கின்ஷாசாவில் பிறந்தவர். அப்பா, அந்த நாட்டின் (அன்றைய ஜயீர்) தேசிய அணி ஆட்டக்காரர். நான்கு வயதில் குடும்பத்தோடு பிரான்ஸுக்கு வந்து, பாரிஸின் புறநகர் ஒன்றில் வளர்ந்தார். நாந்த் கிளப்பில் வலப்பக்கம் ஏறி ஓடும் நடுக்கள வீரராகத் தொடங்கி, 1995இல் லீக் பட்டம் வென்றார். தற்காப்பு வரிசைக்கு முன்னால் காவல் நிற்கும் வேலை பிறகுதான் வந்தது.

அந்த வேலையை அவர் செய்த விதமே தனி. எதிரணி வீரர் பந்தோடு திரும்பும்போது விழுந்து புரண்டு மறிக்க மாட்டார். பந்து எங்கே போகப்போகிறது என்று முன்கூட்டியே கணித்து, அந்த வழியில் போய் நிற்பார். கால் நுனியால் பந்தைத் தட்டிப் பறிப்பார். அடுத்த நொடி, பக்கத்தில் நிற்கும் ரியல் மாட்ரிட் நட்சத்திரங்கள் ஜிதானுக்கோ ஃபிகோவுக்கோ தள்ளிவிடுவார். கைதட்டல் அவர்களுக்குப் போகும்.

ரியல் மாட்ரிட்டில் அவர் ஆடிய மூன்று ஆண்டுகளில் இரண்டு லீக் பட்டங்கள், 2002இல் சாம்பியன்ஸ் லீக். ஆனால் சம்பளம், உடன் ஆடிய நட்சத்திரங்கள் வாங்கியதில் ஒரு சிறு பங்குதான். உயர்த்திக் கேட்டார், மறுத்தார்கள். நட்சத்திர வீரர் பெக்காம் மாட்ரிட்டுக்கு வந்த அதே 2003இல் இவர் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்குப் போனார். பக்கவாட்டிலும் பின்னாலும் பாஸ் கொடுப்பவர்தானே என்று கிளப் தலைவர் பெரெஸ் அலட்சியமாகப் பேசினார். ரியல் மாட்ரிட் மறுபடி லீக் பட்டம் வென்றது 2007இல். சாம்பியன்ஸ் லீக் கோப்பைக்கு 2014 வரை காத்திருந்தது. எல்லாவற்றுக்கும் இவர் போனதே காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் முதல் விரிசல் அங்கேதான் விழுந்தது.

செல்சி 2004-05 லீக்கில் 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் வெறும் 15. பட்டத்தோடு முடிந்த அந்தப் பருவத்தின் சொந்த மைதானத்துக் கடைசி ஆட்டம் சார்ல்டன் அணியோடு. முடியும் தறுவாயில் பெனால்டி கிடைத்ததும், சக வீரர்கள் மக்கலேலேவை அடிக்கச் சொன்னார்கள். கோல்கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை மறுபடி உதைத்து உள்ளே தள்ளினார். செல்சிக்காக அவர் அடித்த முதல் கோல் அது. அணியே ஓடிவந்து அவர்மேல் விழுந்தது. அவர் மதிப்பு உடன் ஆடியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரான்ஸ் அணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், 2005இல் சக வீரர்கள் ஜிதான், துராம் ஆகியோரோடு திரும்பி வந்தார். 2006 உலகக் கோப்பை இறுதியாட்டம்வரை அணி போனது. 2011இல் பாரிஸ் சாங் ஜெர்மன் கிளப்பில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அவர் நின்ற இடத்துக்கு இன்றும் ‘மக்கலேலே ரோல்’ என்றே பெயர்.

அந்தப் பழைய ஆட்டங்களைப் பார்க்க வாய்த்தால், பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள்.