அர்னேஷ் குமார் எதிர் பீகார் அரசு
அர்னேஷ் குமார் எதிர் பீகார் அரசு என்பது, மணமான பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை தொடர்பான வழக்குகளில் கைது நடவடிக்கையை நெறிப்படுத்தி, இந்திய உச்ச நீதிமன்றம் 2014 சூலை 2 அன்று வழங்கிய தீர்ப்பு ஆகும்.

மனைவியைக் கணவரோ அவருடைய உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு, 1983 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இப்பிரிவின் கீழ்ப் பிடியாணையின்றிக் கைது செய்ய இயலும். இதனால் படுக்கையில் கிடக்கும் முதியோரும் கைதாவதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இத்தீர்ப்பின்படி, புகார் வந்ததனால் மட்டுமே ஒருவரைக் கைது செய்தல் ஆகாது. கைதின் தேவையைக் காவல்துறையினர் எழுத்தில் பதிய வேண்டும். நீதித்துறை நடுவர் அக்காரணங்களை ஆராய்ந்த பின்னரே காவலில் வைக்க அனுமதிக்கலாம். எனினும் புகாரைப் பதிவதையோ புலனாய்வையோ இத்தீர்ப்பு தடுக்கவில்லை.

2024 சூலை 1 முதல் இக்குற்றம் பாரதிய நியாய சன்கிதாவின் 85, 86 ஆம் பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது.