இழுவைச் சுமையும் கிளச்சு நழுவலும்: மன்னார்க் கரையோரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

உழைப்போர் அன்றாடம் கையாளும் கருவிகள் பற்றிய அறிவைக் கைப்பழக்கம் என்று ஒதுக்கிவிட்டு, பாடநூலில் இடம்பெற்றதை மட்டுமே விஞ்ஞானம் எனக் கொள்ளும் போக்கு நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. உராய்வு பற்றியும் சக்திக் காப்பு பற்றியும் தமிழிற் கற்ற மாணவன், அவ்விதிகள் தன் ஊர்க் கடற்கரையில் நிற்கும் வண்டியினுள்ளும் இயங்குகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இழுவைக்குப் பயன்படும் பிக்கப் வண்டியொன்றின் கிளச்சு நழுவுவதை எவ்வாறு கண்டறிவது, அதன் காரணத்தை எவ்வாறு பிரித்தறிவது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்த் தீவின் பழைய முஸ்லிம் ஊர்களுள் ஒன்று எருக்கலம்பிட்டி. கடற்றொழில் அவ்வூர் மக்களின் முக்கிய சீவனோபாயங்களுள் ஒன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூரவரும் புத்தளம் முதலிய இடங்களுக்கு இடம்பெயர நேர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் மீண்டு வந்தோர் தொழிலைப் புதிதாகத் தொடங்க வேண்டியவராயினர். இத்தகைய குடும்பமொன்றுக்கு வள்ளமும், அதனை இழுக்கவும் மீனை ஏற்றவும் உதவும் பழைய வண்டியுமே மூலதனம். 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தது. ஆகவே பழைய வண்டியைப் பேணுவதும், தேவையற்ற உதிரிப்பாகத்தை வாங்காதிருப்பதும் வாழ்க்கைப் பிரச்சினைகளாயின.

1. நழுவல் என்பது யாது?

இயந்திரத்தின் பறப்புச் சில்லுக்கும் அழுத்தத் தட்டுக்கும் இடையே, இருபுறமும் உராய்வுப் பூச்சுக் கொண்ட தட்டொன்று வில்லின் விசையால் நெருக்கப்பட்டிருக்கின்றது. மிதியை அழுத்தும்போது நெருக்கம் நீங்குகின்றது. விடும்போது நெருக்கம் மீள்கின்றது. இவ்வமைப்புக் கடத்தக்கூடிய உச்ச முறுக்கம், உராய்வுக் குணகம், வில்லின் விசை, தட்டின் சராசரி ஆரை ஆகிய மூன்றின் பெருக்கத்தைப் போல் இரு மடங்காகும். உராயும் முகங்கள் இரண்டாதலின் இருமடங்கு.

எடுத்துக்காட்டாக, உராய்வுக் குணகம் 0.3, விசை 6,000 நியூற்றன், சராசரி ஆரை 0.1 மீற்றர் எனின், உச்ச முறுக்கம் 360 நியூற்றன் மீற்றர். இயந்திரம் தரும் உச்சம் 200 எனக் கொண்டால் போதிய மிகை உண்டு. எண்ணெய் படிந்து குணகம் 0.15 ஆகக் குறையின், கிளச்சு தாங்குவது 180 மட்டுமே. அந்நிலையில் வெறும் வண்டி தடையின்றி ஓடும். முழு வலுவும் வேண்டப்படும் வேளையில் மட்டும் நழுவும். நழுவல் முதலில் உயர்ந்த கியரிலும் இழுவையின்போதும் தலைகாட்டுவதன் காரணம் இதுவே. சில்லில் ஒரே அளவு இழுவிசையைப் பெறுவதற்கு உயர்ந்த கியரிற் கிளச்சு கூடிய முறுக்கத்தைக் கடத்த வேண்டியுள்ளது.

2. இழுவை கிளச்சை ஏன் வருத்துகின்றது?

வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது இயந்திரம் சுழல, சில்லு நிற்கின்றது. இரண்டும் ஒத்த கதியை அடையும்வரை கிளச்சு நழுவியே தீரவேண்டும். தடை புறக்கணிக்கத்தக்கதாயின், அவ்வேளை கிளச்சில் வெப்பமாக மாறும் சக்தி, வண்டி பெறும் இயக்கப்பாட்டுச் சக்திக்குச் சமம். 1,800 கி.கி. திணிவுடைய வண்டி முதற் கியரில் செக்கனுக்கு 3 மீற்றர் கதியில் முழுப் பிணைப்பை அடையின், வெப்பம் 8.1 கிலோயூல். அதனுடன் 1,000 கி.கி. நிறைகொண்ட வள்ளமும் ட்ரெயிலரும் சேர்ந்தால் 12.6 கிலோயூல். இதே சுமையுடன் இரண்டாங் கியரிற் புறப்பட்டு 6 மீற்றர் கதியிற் பிணைப்பு நிகழின் 50.4 கிலோயூல், அஃதாவது முதற் கணக்கின் ஆறு மடங்குக்கும் அதிகம்.

மன்னார்த் தீவு மலையற்ற தட்டை நிலம். அங்கே ஏற்றத்தின் இடத்தை மணல் பிடித்துக்கொள்கின்றது. தார் வீதியில் உருளற் குணகம் ஏறத்தாழ 0.015, தளர்ந்த மணலில் அது 0.2 அளவிலும் அதற்கு மேலும் செல்லும். மேற்கூறிய 2,800 கி.கி. சுமைக்கு வீதியிற் தடை ஏறத்தாழ 410 நியூற்றன். மணலில் 5,500 நியூற்றன். இத்தடை, சில்லு தரும் இழுவிசையின் அரைவாசியாயின் புறப்பாட்டின்போது உண்டாகும் வெப்பம் இரட்டிக்கும். முக்காற்பங்காயின் நான்கு மடங்காகும். வெப்பம் மிகும்போது பூச்சின் உராய்வுக் குணகம் தாழ்கின்றது. அதனால் நழுவல் கூடுகின்றது. நழுவல் மேலும் வெப்பத்தைத் தருகின்றது. எரிந்த நாற்றம் எழுவது இச்சுழலின் பயனாகும்.

3. நோயை இனங்காணல்

வண்டி போதியளவு முன்னேறாமையைக் கண்டவுடன் கிளச்சைக் குறைகூறுதல் பொருந்தாது. மூன்று நிலைகளை வேறுபடுத்த வேண்டும். இயந்திரத்தின் சுழற்சியே ஏறாவிடின் குறை எரிபொருளிலோ காற்றிலோ இயந்திரத்திலோ உள்ளது. சுழற்சி ஏற, கதிமானியின் முள்ளும் உடன் ஏறி, வண்டி மட்டும் நிற்குமாயின் சில்லு மணலிற் சுழல்கின்றது. பெரும்பாலான பிக்கப் வண்டிகளிற் கதிமானி கியர்ப் பெட்டியின் வெளியீட்டுப் பக்கத்தோடு இணைந்திருத்தலின் இவ்வேறுபாடு புலப்படும். சுழற்சி ஏற, கதிமானி ஏறாது நின்றால் மட்டுமே கிளச்சு நழுவுவதாகக் கொள்ளலாம்.

இதனை உறுதிசெய்யச் சமதரையில் சில்லுகளுக்குக் கட்டையிட்டு, கைப்பிரேக்கை இறுக்கி, வண்டியின் முன்னும் பின்னும் ஒருவரும் நில்லாதவாறு பார்த்து, மூன்றாம் அல்லது நான்காங் கியரில் இயந்திரத்தை நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,500 சுழற்சிக்குக் கொணர்ந்து மிதியைச் சீராக விடுதல் வேண்டும். நல்ல கிளச்சு இயந்திரத்தை உடனே அணைத்துவிடும். இயந்திரம் தொடர்ந்து சுழன்றால் நழுவல் மிகுந்துள்ளது. இச்சோதனையே தட்டைச் சுடுமாதலின் ஒருமுறைக்கு மேற் செய்தல் கூடாது.

இச்சோதனையிற் தேறிய கிளச்சும் இழுவையிற் தோற்கக்கூடும். காலையிற் குளிர்ந்திருக்கும்போது பற்றும் தட்டு, பலமுறை வள்ளம் இழுத்துச் சூடேறியபின் வழுக்குவதுண்டு. ஆகவே கிளச்சு வேலைச் சூட்டை அடைந்தபின், நெரிசலற்ற நேரான தார் வீதியில், உச்சக் கியரில் மணிக்கு 40 முதல் 50 கி.மீ. கதியிற் சென்று முடுக்கியை முழுதும் அழுத்திப் பார்த்தல் வேண்டும். வண்டி கதி பெறுமுன் இயந்திரம் திடீரெனச் சீறி எழுமாயின் ஐயத்திற்கு இடமில்லை.

4. காரணத்தைத் தேடும் ஒழுங்கு

நழுவல் ஓர் அறிகுறி மட்டுமே. கியர்ப் பெட்டியை இறக்குவது கூலியும் நாளும் செலவாகும் வேலை. எனவே செலவற்ற காரணத்திலிருந்து செலவு மிக்க காரணத்தை நோக்கிச் செல்வதே முறை.

முதற்கண் மிதியை நோக்க வேண்டும். கம்பி வகைக் கிளச்சில் மிதிக்குச் சிறிதளவு வெற்றசைவு இருத்தல் அவசியம். அளவு வண்டியின் கைந்நூலிற் கூறப்பட்டிருக்கும். தட்டுத் தேயத் தேய இவ்வசைவு குறைந்து, ஈற்றில் அற்றுப்போகும். அப்போது கால் வைக்காமலேயே மிதி பாதி அழுத்தப்பட்ட நிலை உண்டாகின்றது. உப்புக் காற்றாலும் மணலாலும் கம்பியும் விடுவிப்புக் கவையும் துருவேறி மீளாது நிற்பதும் கடற்கரை வண்டிகளில் எதிர்பார்க்கத்தக்கதே. இவை திருகியொன்றைத் திருப்புவதாலும் துருவகற்றி எண்ணெயிடுவதாலும் தீரலாம்.

இரண்டாவது, நீரியல் வகைக் கிளச்சு. தலைமைச் சிலிண்டரில் திரவம் மீளும் சிறு துளை அடைபட்டாலும், பிரேக் ஒயிலுக்குப் பதிலாக வேறு எண்ணெய் வார்த்ததனால் றப்பர் உறுப்புகள் வீங்கினாலும் அமுக்கம் தேங்கி நிற்கும். காற்றகற்றும் திருகியைச் சற்றே தளர்த்தியதும் திரவம் பீறிட்டு, நழுவலும் நீங்குமாயின் குறை இங்கேதான்.

மூன்றாவது, எண்ணெய்க் கசிவு. கிளச்சு உறையின் அடித்துளையில் எண்ணெய் வடிகின்றதா எனப் பார்க்க வேண்டும். கருத்த எண்ணெயாயின் இயந்திரத்தின் பின் முத்திரையும், கந்தக வாடை வீசும் தடித்த எண்ணெயாயின் கியர்ப் பெட்டியின் முன் முத்திரையும் ஐயத்துக்குரியன. முத்திரையை மாற்றாமல் தட்டை மட்டும் மாற்றினால் புதுத் தட்டும் விரைவிற் பாழாகும்.

இம்மூன்றும் இல்லையெனத் தெளிந்த பின்னரே பெட்டியை இறக்குதல் தகும். தறையாணித் தலைவரை பூச்சுத் தேய்ந்துள்ளதா, கண்ணாடிபோற் பளபளக்கின்றதா, பறப்புச் சில்லில் நீலப் புள்ளிகளும் வெடிப்புகளும் உள்ளனவா, வில் தளர்ந்ததா என்பன அப்போது நோக்கத்தக்கவை. கூலி ஒன்றே ஆதலின் தட்டு, அழுத்தத் தட்டு, விடுவிப்புத் தாங்கி மூன்றையும் ஒருங்கே மாற்றுவது சிக்கனம்.

ஈண்டு தொழிலாளியின் உடல்நலம் பற்றிய எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. பழைய தட்டுகளின் பூச்சிற் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசி நுரையீரலிற் தங்கிப் பல ஆண்டுகளின் பின் புற்றுநோயை உண்டாக்க வல்லது. உறையினுள் உள்ள தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதுவது கராஜில் நிற்கும் அனைவருக்கும் கேடு. ஈரத்துணியாற் துடைத்தெடுப்பதே தக்கது.

5. முடிவுரை

கிளச்சு கருகியபோது பழி பெரும்பாலும் சாரதியின் காலின் மீதே விழுகின்றது. மிதியிற் காலை வைத்தபடி ஓட்டுவதும் அரைக் கிளச்சில் வண்டியைப் பிடித்து நிற்பதும் கேடே. ஆயினும் மேற்காட்டிய கணக்கு, சுமையும் மணலும் கியர்த் தெரிவும் வெப்பத்தைப் பன்மடங்காக்குவதைத் தெளிவுறுத்துகின்றது. தயாரிப்பாளர் விதித்த இழுவை எல்லைக்கு மேற் சுமை ஏற்றும்படி பணித்த உரிமையாளர், தேய்வின் முழுப் பொறுப்பையும் கூலிக்கு ஓட்டுபவர் மீது சுமத்துதல் நீதியன்று.

நான்கு சில்லும் இயங்கும் வண்டியிற் தாழ் வீச்சுக் கியர் இருப்பின் மணலில் அதனையே பயன்படுத்தல் வேண்டும். அதன் விகிதம் 2.5 எனின் பிணைப்புக் கதி அவ்வளவாற் குறைந்து, இயக்கப்பாட்டுச் சக்தியாக மட்டும் கணிக்கப்படும் வெப்பம் ஆறிலொன்றாகின்றது; தடையின் பங்கும் தாழ்கின்றது. மணலிற் டயர்க் காற்றைக் குறைத்து, வீதியேறுமுன் மீண்டும் நிரப்புவதும் தடையைத் தணிக்கும். எவ்வாறாயினும் நழுவும் கிளச்சைக் கண்டவிடத்து, தாங்கும் திறன் ஏன் குறைந்தது, அன்றிச் சுமை ஏன் மிகுந்தது என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே புதுத் தட்டுக்குப் பணம் செலவிடப்படல் வேண்டும்.