கத்துகின்ற பெட்டி



ஜாசின் வட்டாரத்தில் நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் தந்தை செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். சட்டையில் சிறு பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டுதான் கழிவுத் தொட்டிப் பக்கம் போவாராம். அது அடிக்கடி கத்துகிறதாம். “கெட்டுப் போச்சு, அடைச்சுப் போடு” என்கிறார்களாம் கூட்டாளிகள். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

அது காற்றைச் சோதிக்கும் கருவி. ஆலைக் கழிவுநீர் புளிக்கும்போது மீதேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. பின்னது அழுகிய முட்டைபோல நாறும். ஆனால், பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவை அது எட்டினால் மூக்கு மரத்துவிடும். வாடை போய்விட்டதே என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார். தூக்கப் போன தம்பியும் கூடவே விழுவார்.

முன்பு இங்கிலாந்துச் சுரங்கங்களில் கேனரிப் பறவையைக் கூண்டில் கொண்டு போவார்கள். 1986 வரை இந்த வழக்கம் இருந்தது. பறவை விழுந்தால் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். கருவியோ, நலமாக இருப்பதுபோல் தோன்றிக்கொண்டே தவறு சொல்லக்கூடும். கத்துகின்ற கருவியைவிட, கத்தாத கருவியைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

எப்படித் தவறும்? வடிகட்டியில் சேறும் ஈரமும் அடைத்திருந்தால் வாயு உள்ளே போகாது. எண் அசையாமல் நிற்கும். உறிஞ்சு குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்றையே இழுக்கும். குழாயின் நுனியை விரலால் அடைத்துப் பாருங்கள். பம்பு உடனே எச்சரிக்க வேண்டும். தொட்டியின் வாயருகே நின்று கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டு வருவது பெரும் பிழை. கெட்ட காற்றையே அது நல்ல காற்றென்று பழகிக்கொள்ளும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல கருவிகளில் மீதேனை அறியும் பகுதி, சூடான கம்பிச்சுருளில் வாயுவை எரித்துப் பார்த்தே அளவு சொல்கிறது. எரிவதற்குப் பிராணவாயு வேண்டுமல்லவா? அது குறைந்த தொட்டியில், மீதேன் நிறைந்திருந்தாலும் எண் தாழ்ந்தே நிற்கும். ஆகவேதான் பிராணவாயுவை முதலில் பார்க்கிறார்கள். அது நூற்றுக்கு 19.5-க்குக் குறையவும் கூடாது, 23.5-ஐத் தாண்டவும் கூடாது. மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்திலும் சோதிக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும்.

பிராணவாயுவை அறியும் பகுதி பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் தேயும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுதான் அதன் ஆயுள். வேலைக்கு இறங்குமுன், அளவு தெரிந்த வாயுவைச் சிறு புட்டியிலிருந்து காட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அந்தச் சோதனை இன்று நடந்ததா என்று தொழிலாளர் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையை 2024 ஜூன் 1 முதல் மலேசியச் சட்டமும் தந்திருக்கிறது.

மாணவனின் தந்தைக்கு நாம் சொல்லியனுப்பியது இதுதான்: கத்தினால் அணைக்காதீர்கள், ஆளோடு பெட்டியும் வெளியே வரட்டும். திறந்த வெளியில் பிராணவாயு 20.9 என்றும் மற்றவை பூச்சியம் என்றும் காட்டி அடங்கினால், தொட்டிக் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். அங்கும் கத்தினால் பழுது பார்க்கக் கொடுங்கள்.

மறுவாரம் பையன் வந்து சொன்னான்: வெளியே வந்ததும் 20.9 காட்டியதாம்.