மாலைதீவுப் பயணம்: திரும்பும் நேரத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

மாலைதீவுக்கு நாலு நாள் போய்ச் சுழியோடி வர நினைக்கும் வியாபார நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது விமானச்சீட்டின் விலையைத்தான். திரும்பும் நேரத்தை முதலில் பாருங்கள் என்பதே எனது பதில்.

கடலடியில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது நைதரசன் வாயு உடலில் கரைகிறது. அது மெதுவாகவே வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், காற்றழுத்தம் குறைந்து அவ்வாயு குமிழிகளாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை வரலாம். பல தடவை சுழியோடியவர் ஆகக்குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். 24 என்றால் இன்னும் நல்லது.

திங்கள் காலை 10 மணிக்கு விமானம் என்றால், ஞாயிறு மாலை 4 மணிக்கு முன் கரையேறியாக வேண்டும். நாலு நாளில் சுழியோடக் கிடைப்பது இரண்டே நாள். அதற்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் பொதுப் படகுகள் பொதுவாக ஓடா. வேகப்படகுக்கு டொலர் கொடுக்க நேரும். மாஃபுஷி போன்ற ஊர்த்தீவுகளின் விடுதிகள் ரிசோட்டுகளை விட மலிவு. ஆனால் சொல்லும் விலையில் 17 சதவீத வரியும் பசுமை வரியும் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மலிவுச் சீட்டுக்காக உடலை அடகு வைப்பது நட்ட வியாபாரம்.